நினைவகத்திலும் ஓர் ஒப்புநோக்குநர்

கணினிக்கு மேலதிக நினைவகம் வாங்கிப் பொருத்துவது சில காலம் முன்பு வரை அதிகம் யோசிக்க வேண்டிய விடயமாக இருக்கவில்லை. 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நிலைமை மாறிவிட்டது. உலகின் றாம் சில்லுகளில் மிகப் பெரும் பங்கைச் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரோன் என்ற மூன்று நிறுவனங்களே உற்பத்தி செய்கின்றன. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களுக்கான அதிவேக நினைவகத்தை நோக்கி இவற்றின் உற்பத்தி திரும்பியதும் சாதாரண கணினிகளுக்கான நினைவகத்தின் விலை கிடுகிடுவென ஏறியது. நுகர்வோருக்கெனப் பல்லாண்டு காலம் தான் நடத்திவந்த ‘க்ரூஷல்’ வணிகத்திலிருந்து விலகப் போவதாக மைக்ரோன் 2025 டிசம்பரில் அறிவித்தது. எங்கோ ஒரு தரவு மையத்தில் எடுக்கப்பட்ட தீர்மானத்தின் சூடு, பம்பலப்பிட்டியில் கணினி உதிரிப்பாகம் வாங்கச் செல்பவனையும் சுடுகின்றது.

இலங்கையிலுள்ள எங்களுக்கு இது இரண்டாவது அடி. 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் ஒரு டொலருக்கு 200 ரூபாவை அண்டியிருந்த நாணயப் பெறுமதி, மே மாதமளவில் 360 ரூபாவை எட்டியதை இங்கிருப்பவர்கள் மறக்கமாட்டார்கள். அப்போதிருந்தே புதிய கணினி வாங்குவதைக் கைவிட்டுப் பழையதைச் சீர்செய்து ஓட்டும் வழக்கம் பலருக்கும் வந்துவிட்டது. நானும் அவர்களில் ஒருவன். கையிலுள்ள பழைய நினைவகத் துண்டுகளுடன் புதியவற்றைக் கலக்கலாமா, எவற்றைக் கலக்கலாம், எவற்றைக் கலக்கக்கூடாது என்ற கேள்விகள் எனக்கும் எழுந்தன. அவற்றுக்கான விடைகளைத் தேடியபோது, என் தொழிலோடு நெருங்கிய சம்பந்தமுள்ள ஒரு விடயத்தில் வந்து நின்றேன். அதைப் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் தேவையைச் சொல்லிவிடுகிறேன். பத்திரிகைத் தொழிலில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சேர்த்த நறுக்குகள், பக்கப் பிரதிகள், குறிப்பேடுகள் என்று என் வீட்டில் ஓர் அறை நிறைந்திருக்கிறது. கரப்பானும் ஈரப்பதனும் அவற்றை என்னைவிட வேகமாக வாசித்து முடித்துவிடும் போலிருந்ததால், அவற்றை எண்ணிம வடிவில் மாற்றும் வேலையில் இறங்கினேன். பெரிய பத்திரிகைப் பக்கமொன்று ஏறத்தாழ ஏ2 அளவு கொண்டது. வீட்டிலுள்ள மின்வருடியில் அதை இரு பாதிகளாக எடுத்து இணைக்க வேண்டும். அங்குலத்துக்கு 400 புள்ளிகள் என்ற செறிவில், முழு வண்ணத்தில் எடுத்தால் ஒரு பக்கம் கணினியின் நினைவகத்தில் 186 மெகாபைட் இடத்தைப் பிடிக்கின்றது. வண்ணத்தை மேலும் நுணுக்கமாகப் பதிவுசெய்தால் 371 மெகாபைட். பழுப்பேறிய தாளைத் திருத்தும்போது ஒரே படத்தின் பல அடுக்குகளும், செய்த மாற்றங்களின் வரலாறும் கூடவே நினைவகத்தில் நிற்கும். ஒரு பக்கமே இரண்டு ஜிகாபைட்டைத் தாண்டுவது சர்வசாதாரணம். இதற்கிடையில், தமிழ் எழுத்தை வாசித்துத் தட்டச்சு வரிகளாக மாற்றும் டெசரெக்ட் மென்பொருள் மறுபுறத்தில் நான்கு பக்கங்களை ஒரே நேரத்தில் வாசித்துக்கொண்டிருக்கும்.

இந்த வேலைக்கு நான் பயன்படுத்துவது ஒரு பழைய வேர்க்ஸ்டேஷன். ஏதோ ஓர் அலுவலகம் கழித்துவிட்டது. இன்டெல் ஸியோன் வகைச் செயலி, நினைவகத்துக்கென எட்டுத் துளைகள், அவற்றில் நான்கில் தலா 4 ஜிகாபைட் வீதம் மொத்தம் 16 ஜிகாபைட். 2025 ஒக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிவடைந்துவிட்டதாலும், இந்தச் செயலியை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காததாலும் லினக்ஸுக்கு மாறிவிட்டேன். வேலை மும்முரமாக நடக்கும்போது நினைவகம் நிரம்பி, கணினி வன்தட்டைத் தற்காலிக நினைவகமாகப் பயன்படுத்தத் தொடங்கும். அப்போது சுட்டி அசைவதற்கே ஒரு தேநீர் குடித்து முடிக்கலாம்.

இங்கே வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. நினைவகம் வாங்கப் புறப்படுமுன், இருக்கின்ற நினைவகம் உண்மையில் நிரம்புகின்றதா என்று பாருங்கள். விண்டோஸில் ‘டாஸ்க் மனேஜர்’ அதைக் காட்டும். வழக்கமான வேலைகளைத் திறந்து வைத்திருக்கும்போது பாதியளவே நிரம்புகின்றதென்றால், இன்னொரு துண்டு போடுவதால் கணினி வேகம் பெறாது. அந்தப் பணத்தில் சுழலும் வன்தட்டை நீக்கித் திண்மநிலைத் தட்டொன்றைப் பொருத்துவது மேல்.

என் கணினிக்கு நினைவகமே தேவைப்பட்டது. எனவே கடைக்குப் போனேன். பழகிய இடம்; பழகிய தம்பி. அவர் மூன்று வகைத் துண்டுகளை எடுத்து மேசையில் வைத்தார்.

“ஐயா, இது சேர்வரிலயிருந்து கழட்டினது. ஒரு துண்டே பதினாறு ஜீபி. நாலு போட்டா அறுபத்திநாலு வரும். விலையும் குறைவு.”

“தம்பி, இது ரெஜிஸ்டர்ட் வகை அல்லோ?”

“ஓம் ஐயா. ஆனா ஸ்லொட்டில கச்சிதமா இருக்கும்.”

“இருக்கும். ஓடாதே.”

அவர் சிரித்துவிட்டு இரண்டாவதை நகர்த்தினார். “அப்ப இதைப் போடுங்கோ. சாதாரண டெஸ்க்டொப் றாம், எட்டு ஜீபி. ஐயாட பழசோட சேர்ந்து ஓடும். ஆனா ஈசிசி வேலை செய்யாது. ஈசிசி வேணுமெண்டா இந்தக் கடைசித் துண்டுதான். இது ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை. நாலு துண்டு எடுக்க ஒரு கிழமை தாங்கோ.”

இந்த மூன்று துண்டுகளும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். மூன்றிலும் 240 ஊசித்தொடுப்புகள். மூன்றும் டிடிஆர்3 என்ற ஒரே தலைமுறை. ஆனால் மூன்றும் மூன்று வெவ்வேறு சாதி. இந்த வேறுபாட்டை விளங்கிக்கொண்டால் நினைவகக் கலப்பின் முக்கால்வாசி விளங்கிவிடும்.

தலைமுறையிலிருந்து தொடங்குவோம். இன்று நாம் பயன்படுத்தும் நினைவகத்தின் அடிப்படை, ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய ரொபர்ட் டெனார்ட் 1968இல் காப்புரிமை பெற்ற ஓர் எளிய அமைப்பு. ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மிகச் சிறிய மின்தேக்கி. மின்னேற்றம் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூச்சியம். அந்த மின்தேக்கி ஓட்டைப் பானை போன்றது, நிரப்பியது கசிந்துகொண்டேயிருக்கும். ஆகவே 64 மில்லி செக்கனுக்கு ஒரு தடவையாவது ஒவ்வொரு கலத்தையும் வாசித்துத் திரும்பவும் நிரப்ப வேண்டும். அரை நூற்றாண்டு கடந்தும் இந்த அடிப்படை மாறவில்லை. மாறியவை மின்னழுத்தமும் வேகமும் பொருத்தும் முறையுமே. டிடிஆர்2 என்பது 1.8 வோல்ட், டிடிஆர்3 என்பது 1.5, டிடிஆர்4 என்பது 1.2, டிடிஆர்5 என்பது 1.1. ஒவ்வொரு தலைமுறைக்கும் துண்டின் அடியிலுள்ள வெட்டு வேறோர் இடத்தில் இருக்கும். எனவே தலைமுறை மாறிப் பொருத்துவது இயலாது. பொருந்தவில்லையென்றால் அழுத்தாதீர்கள், அந்த வெட்டு உங்களைக் காப்பாற்றவே வைக்கப்பட்டிருக்கிறது.

ஒரே தலைமுறைக்குள் வேகத்தைக் கலக்கலாம். ஒவ்வொரு துண்டிலும் ஒரு சிறு சில்லு, “என்னால் இன்ன வேகத்தில் ஓட முடியும்” என்ற விபரத்தை வைத்திருக்கும். கணினி உயிர்பெறும்போது எல்லாத் துண்டுகளின் விபரத்தையும் வாசித்து, எல்லோராலும் முடியக்கூடிய வேகத்தைத் தெரிவுசெய்கின்றது. கூட்டமாக நடப்பவர்களில் மெதுவாக நடப்பவருக்காக ஏனையோர் வேகம் குறைப்பது போலத்தான். என்னிடமிருந்த பழைய துண்டுகள் 1333 வேகத்தவை, புதியவை 1600. சேர்த்தால் எல்லாம் 1333இல் ஓடும். நான்கு பாதைகளும் சேர்ந்து செக்கனுக்கு 51.2 ஜிகாபைட் கடத்தக்கூடிய இடத்தில் 42.7 ஜிகாபைட்டே கடத்தும். ஆறில் ஒரு பங்கு இழப்பு. கேட்டுக்கொண்ட தரவின் முதற்பகுதி வந்துசேர எடுக்கும் தாமதத்திலோ வேறுபாடு இல்லையென்றே சொல்லலாம். 1600 வேகத் துண்டு 11 சுற்றுகள் எடுத்தால் அது 13.75 நானோ செக்கன். 1333 வேகத் துண்டு 9 சுற்றுகள் எடுத்தால் 13.5 நானோ செக்கன். பெட்டியில் அச்சிடப்பட்டிருக்கும் பெரிய எண்ணைப் பார்த்து மயங்குவோர் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும். நினைவகம் போதாமல் வன்தட்டுக்குப் போகும் கணினியில், ஆறிலொரு பங்கு வேகம் குறைந்த பெரிய நினைவகம், வேகமான சிறிய நினைவகத்தைவிட எத்தனையோ மடங்கு நன்மை தரும்.

பாதைகள் என்று குறிப்பிட்டேன். பெரும்பாலான வீட்டுக் கணினிகளில் செயலிக்கும் நினைவகத்துக்கும் இடையில் இரண்டு பாதைகள் உண்டு, என்னுடையதில் நான்கு. ஒவ்வொரு பாதையிலும் சம அளவு நினைவகம் இருந்தால் தரவைப் பங்கிட்டு எல்லாப் பாதைகளிலும் ஒரே நேரத்தில் அனுப்பலாம். ஒரு பாதையில் 8, மற்றதில் 4 என்றிருந்தால், பல இன்டெல் கணினிகள் சமமான பகுதியை இரட்டைப் பாதையிலும் மிஞ்சியதை ஒற்றைப் பாதையிலும் ஓட்டிச் சமாளிக்கும். ஆனால் சமாளிப்புத்தான். ஆகையால் துண்டுகளை அளவு மாற்றிக் கலக்கும்போது, கலப்பு ஒவ்வொரு பாதைக்குள்ளும் நிகழட்டும். பாதைகள் தமக்குள் சமமாக இருக்கட்டும். என் கணினியில் ஒவ்வொரு பாதையிலும் பழைய 4, புதிய 8 என்று பொருத்தினால் பாதைக்கு 12, மொத்தம் 48 ஜிகாபைட். அளவு கலந்திருந்தும் சமநிலை குலையாது.

இனித் தம்பி காட்டிய முதலாவது துண்டு. சேர்வர்களில் துண்டுகளின் எண்ணிக்கை அதிகம். அத்தனைக்கும் நேரடியாகக் கட்டளையிட்டால் நினைவகக் கட்டுப்படுத்திக்குச் சுமை கூடும். அதனால் துண்டின் நடுவில் ஒரு பதிவுச் சில்லு இருந்து, கட்டளையை வாங்கி அடுத்த சில்லுகளுக்குக் கடத்துகின்றது. இதுவே ரெஜிஸ்டர்ட் வகை. அந்த முறைக்கென அமைக்கப்படாத தாய்ப்பலகை இதனுடன் பேசாது. இரண்டு வகைகளையும் ஒரே கணினியில் கலக்கவும் முடியாது. டிடிஆர்3இல் இரண்டுக்கும் வெட்டு ஒரே இடத்தில் இருப்பதால்தான் ஏமாற்றம் நேர்கின்றது. டிடிஆர்5இல் இரண்டுக்கும் வெட்டை மாற்றி வைத்துவிட்டார்கள். தரவு மையங்கள் கழித்துவிடும் துண்டுகள் மலிவாகக் கிடைப்பதன் இரகசியம், அவற்றை ஏற்கும் இயந்திரங்கள் நம் வீடுகளில் அரிது என்பதே. துண்டின் மேல் ஒட்டியுள்ள சிட்டையைப் பாருங்கள். வேகத்தைக் குறிக்கும் எண்ணுக்குப் பின்னால் ஆங்கில ‘ஆர்’ எழுத்து இருந்தால் ரெஜிஸ்டர்ட். ‘யூ’ இருந்தால் சாதாரணம். ‘ஈ’ இருந்தால் ஈசிசி. ஓர் எழுத்துப் பார்த்து வாங்கினால் ஒரு நாள் அலைச்சல் மிச்சம்.

எஞ்சியது இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையிலான தெரிவு. அதாவது ஈசிசி தேவையா, இல்லையா என்ற கேள்வி. இங்கேதான் பத்திரிகைக்காரனின் மனம் விழித்துக்கொண்டது.

சாதாரண நினைவகத் துண்டு ஒரு தடவைக்கு 64 பிட்களைக் கொண்டுவரும். ஈசிசி துண்டு 72 பிட்களைக் கொண்டுவரும். மேலதிகமான எட்டும் தரவு அல்ல; தரவைச் சரிபார்ப்பதற்கான குறியீடு. துண்டின் ஒரு பக்கத்தில் எட்டுச் சில்லுகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பது இருப்பதைக் கண்ணாலேயே எண்ணலாம். எட்டுப் பேர் அச்சுக்கோக்க, ஒன்பதாமவர் ஒப்புநோக்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிட் தவறியிருந்தால் அவர் கண்டுபிடித்துத் தாமே திருத்திவிடுவார். இரண்டு பிட்கள் தவறியிருந்தால் திருத்த முடியாது. ஆனால் “இந்த வரியை நம்பாதே” என்று கையை உயர்த்துவார்.

இதன் மூலக் கருத்து றிச்சர்ட் ஹமிங்கினுடையது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய அவருக்கு வார இறுதிகளில் மட்டுமே இயந்திரம் கிடைத்தது. ஆளில்லாத நேரத்தில் இயந்திரம் பிழையொன்றைக் கண்டால் அந்த வேலையைக் கைவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். திங்கட்கிழமை வந்து பார்த்தால் வெறுங்கை. பிழை நேர்ந்ததைக் கண்டறியத் தெரிந்த இயந்திரத்துக்கு, அது எந்த இடத்தில் நேர்ந்தது என்பதைக் கண்டு திருத்த ஏன் தெரியக்கூடாது என்ற எரிச்சலிலிருந்து பிறந்த அவரது ஆய்வுக்கட்டுரை 1950இல் வெளிவந்தது. எந்த ஒப்புநோக்குநரும் அந்த எரிச்சலை உடனே புரிந்துகொள்வார்.

நினைவகத்தில் பிழை நேருமா என்று கேட்பவர்கள் உண்டு. நேரும். சில்லின் பழுது, மின்வழங்கலின் தளம்பல், வெப்பம், பொதி உறையிலுள்ள பொருட்களின் மிகச் சிறு கதிரியக்கம், விண்வெளியிலிருந்து வரும் துகள்கள் என்று காரணங்கள் பல. கூகுள் நிறுவனத்தின் சேர்வர்களை ஆராய்ந்து 2009இல் வெளியான ஆய்வொன்று, ஓராண்டில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு இயந்திரங்கள் திருத்தக்கூடிய பிழையொன்றையாவது சந்தித்ததாகக் கூறியது. துண்டுகளைத் தனித்தனியே எடுத்தால் நூற்றுக்கு எட்டுக்கும் மேற்பட்டவை ஆண்டொன்றில் பிழை காட்டின. 2003 மே மாதம் பெல்ஜியத்தில் நடந்த தேர்தலில், ஸ்கார்பேக் என்ற இடத்தில் வேட்பாளர் ஒருவருக்கு 4096 வாக்குகள் மேலதிகமாகப் பதிவாகின. அவருக்குக் கிடைத்திருக்கவே முடியாத தொகை என்பதால் அது கவனிக்கப்பட்டது. மென்பொருளில் தவறு காணப்படவில்லை. 4096 என்பது இரண்டின் பன்னிரண்டாம் அடுக்கு. ஒரேயொரு பிட் தானாகப் புரண்டிருக்க வேண்டும் என்பதே நிபுணர்களின் முடிவாக இருந்தது.

மிகைப்படுத்த விரும்பவில்லை. புரளும் பிட்களில் பெரும்பாலானவை யாருக்கும் தெரியாமலே கடந்துபோகும். மின்வருடிய படமொன்றில் ஒரு புள்ளியின் நிறம் சற்று மாறுவதால் உலகம் அழிந்துவிடாது. சுருக்கப்பட்ட கோப்பாயின் அந்த இடத்திலிருந்து படம் சிதையலாம். சிதைந்தால் கண்ணுக்குத் தெரியும், மறுபடி எடுக்கலாம். ஆபத்து எழுத்தில் இருக்கிறது.

கணினியில் எண்களும் எழுத்துகளும் பிட்களின் வரிசைகள்தான். 3 என்ற இலக்கத்துக்கும் 7 என்ற இலக்கத்துக்கும் இடையில் ஒரேயொரு பிட் வேறுபாடு. 1 என்பதற்கும் 9 என்பதற்கும் இடையிலும் அவ்வாறே. ஆகவே 1983 ஜூலை என்பது ஒரு பிட் புரண்டால் 1987 ஜூலை ஆகிவிடும். முன்னது தமிழர்களுக்கு எதிரான வன்செயல்களின் மாதம். பின்னது இலங்கை - இந்திய ஒப்பந்தத்தின் மாதம். இரண்டுமே நம் வரலாற்றில் உள்ளவை என்பதால் வாசிப்பவருக்குச் சந்தேகமே எழாது. பெல்ஜிய வேட்பாளருக்குக் கிடைத்த 4096 வாக்குகள் நம்ப முடியாத தொகையாக இருந்ததால் பிடிபட்டன. நம்பக்கூடிய பிழையை யார் பிடிப்பது?

தமிழ் எழுத்தில் இது இன்னும் நுட்பமானது. ஒருங்குறியில் ‘கெ’ என்பதன் கொம்புக்கும் ‘கே’ என்பதன் இரட்டைக் கொம்புக்கும் இடையில் வேறுபாடு ஒரு பிட்தான். ‘கொ’, ‘கோ’ என்பவற்றுக்கும் அப்படியே. ‘கெடு’ விதித்த அரசாங்கம் ‘கேடு’ விதித்ததாகிவிடும். ‘கொடி’ ஏற்றியவர் ‘கோடி’ ஏற்றியவராவார். குறிலும் நெடிலும் மாறியதால் வந்த வம்புகளைப் பத்திரிகை அலுவலகத்தில் எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன். அவையெல்லாம் மனிதக் கண்ணின் தவறுகள். மறுநாள் திருத்தம் போட்டுத் தீர்த்துக்கொண்டோம். இயந்திரத்துக்குள் சத்தமின்றி நேரும் மாற்றத்துக்கு மறுநாள் என்று ஒன்று இல்லை.

பிரதிகள் வைத்திருந்தால் போதாதா என்று கேட்கலாம். பிரதி அவசியம், ஆனால் இந்தப் பிழைக்கு அது மருந்தல்ல. வன்தட்டில் எழுதப்படுமுன்னரே நினைவகத்தில் வரி பிசகியிருந்தால், எழுதப்படுவது பிசகிய வரியே. அதிலிருந்து பத்துப் பிரதிகள் எடுத்தாலும் பத்தும் ஒரே மாதிரிப் பிசகியிருக்கும். அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் எல்லாம் சரியென்றே விடை வரும்.

எங்கள் சமூகத்துக்கு இது வெறும் தொழில்நுட்ப விவாதமாக இருக்க முடியாது. 1981 மே 31ஆம் திகதி இரவு தொடங்கிய வன்செயலில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அதே நாட்களில் ‘ஈழநாடு’ பத்திரிகைக் காரியாலயமும் தீக்கிரையானது. ஒரேயொரு பிரதியாக இருந்தவை திரும்பி வரவில்லை. 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் எண்ணிம நூலகத் திட்டம் போன்றவை அந்த இழப்பின் பின்னணியிலேயே நமக்குப் பொருள்படுகின்றன. என் அறையில் கிடக்கும் தாள்கள் அத்தனை பெறுமதியானவை என்று நான் சொல்லவில்லை. ஆனால் சில பிரதேசச் செய்திகளுக்கு அவை தவிர வேறு சாட்சி இருக்குமோ தெரியாது. எண்ணிமமாக்கிய பின் தாள்கள் உக்கிப்போகும். பின்னர் வருகின்றவருக்குக் கோப்பு ஒன்றே மூலமாக இருக்கும். மூலம் என்று நாம் கொடுப்பதில், நமக்கே தெரியாமல் ஆண்டு மாறியிருக்கக் கூடாது.

இரண்டாவது துண்டை வாங்கியிருந்தால் என்ன நடந்திருக்கும்? ஈசிசி துண்டுகளையும் சாதாரண துண்டுகளையும் கலந்தால் சில இயந்திரங்கள் உயிர்பெறவே மாட்டா. ஏனையவை ஓடும், ஆனால் ஒப்புநோக்கு முழுமையாக நிறுத்தப்படும். நான்கு பேருக்கு ஒப்புநோக்குநர் இருந்தும் மற்ற நால்வருக்கு இல்லையென்பதால், இருந்தவரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவது போன்றது அது. நினைவகம் 48 ஜிகாபைட்டாகப் பெருகியிருக்கும். ஏற்கனவே பெற்றிருந்த பாதுகாப்பு போயிருக்கும். திரையில் இதற்கான எந்த அறிவிப்பும் வராது.

எனவே மூன்றாவதையே தெரிவுசெய்தேன். ஒரு கிழமைக்குப் பின் நான்கு துண்டுகளும் வந்தன. பொருத்தியதும் வேலையைத் தொடங்கவில்லை. மின்வெட்டுக்குத் தாக்குப்பிடிக்கும் மின்கலத்துடன் இணைத்து, மெம்டெஸ்ட் என்ற சோதனை மென்பொருளை இரண்டு இரவுகள் ஓடவிட்டேன். அது நினைவகத்தின் ஒவ்வொரு கலத்திலும் எழுதி, வாசித்து, ஒப்பிட்டுப் பார்க்கும். இலவசமாகக் கிடைப்பது. பழைய துண்டு வாங்குபவர்கள் எவரும் இந்தச் சோதனையைத் தவிர்க்கக் கூடாது. கடையில் மாற்றித் தரும் கால எல்லைக்குள் அதைச் செய்துவிடுவது உத்தமம்.

எல்லோரும் ஈசிசி வாங்குங்கள் என்று சொல்ல வரவில்லை. பெரும்பாலான வீட்டுக் கணினிகளின் செயலியும் தாய்ப்பலகையும் அதை ஆதரிப்பதில்லை. கடிதம் எழுதவும் செய்தி வாசிக்கவும் பேரப்பிள்ளையுடன் காணொளியில் பேசவும் பயன்படும் கணினிக்கு, தாய்ப்பலகையின் கையேடு சொல்லும் வகையில், ஒரே அளவான இரண்டு துண்டுகளைச் சோடியாக வாங்கிப் போட்டால் போதும். 32 பிட் இயங்குதளம் ஓடும் மிகப் பழைய கணினியென்றால் சாதாரண விண்டோஸ் பதிப்புகள் 4 ஜிகாபைட்டுக்கு மேல் பயன்படுத்தா. அங்கே செலவழிப்பது வீண். ஆனால் புலம்பெயர்ந்த நாடுகளில் ஊர் மலர்களையும் கோயில் மலர்களையும் தந்தையாரின் நாட்குறிப்புகளையும் எண்ணிமமாக்கிக்கொண்டிருக்கும் நண்பர்கள் பலர் இருக்கிறார்கள். அலுவலகங்கள் கழித்துவிடும் வேர்க்ஸ்டேஷன்கள் அந்நாடுகளில் இங்கிருப்பதைவிட எளிதாகக் கிடைக்கும். அப்படியொன்று கைக்கு வந்தால், அதிலுள்ள துண்டுகளின் சில்லுகளை எண்ணிப் பாருங்கள். ஒன்பது இருந்தால் அந்த ஒன்பதாமவரைக் கவனமாக வைத்துக்கொள்ளுங்கள். நினைவகத்தைப் பெருக்கும் அவசரத்தில் அவரை வேலையிலிருந்து நீக்கிவிடாதீர்கள்.

புதிய துண்டுகளைப் பொருத்திய சில மாதங்களின் பின், லினக்ஸ் பேணும் பதிவேட்டில் ஒரு வரியைக் கண்டேன். திருத்தக்கூடிய பிழை ஒன்று, திருத்தப்பட்டது என்றிருந்தது. துளையின் இலக்கமும் இருந்தது. அடுத்த கிழமை அதே துளையில் மேலும் இரண்டு. பழைய 4 ஜிகாபைட் துண்டுகளில் ஒன்று தளர்ந்துவிட்டது. பாதைகளின் சமநிலை கெடாதபடி அதே அளவில் வேறொன்றை வாங்கி மாற்றினேன். அதன் பின் பதிவேடு மௌனமாக இருக்கிறது. அந்த மூன்று தருணங்களிலும் எந்தப் பக்கம் நினைவகத்தில் இருந்தது, எந்த எழுத்து அல்லது எந்த ஆண்டு புரண்டு திருத்தப்பட்டது என்பதை அறிய வழியில்லை. நல்ல ஒப்புநோக்குநர்கள் பார்த்த பக்கங்களிலும் அப்படித்தான். அவர்கள் பிடித்த பிழைகள் எவை என்று பத்திரிகை வாசித்த எவருக்கும் தெரிந்ததில்லை.